300 ரிங்கிட் விமானம்: விளம்பரம் சொன்னது என்ன, நாம் நினைத்தது என்ன?

எழுபது அமெரிக்க டாலர். நம் பணத்தில் ஏறத்தாழ 300 ரிங்கிட். கணினித் திரையில் மட்டுமே பறக்கும் ஒரே ஒரு விமானத்தின் விலை இது.

பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் ஓர் உணவகத்திலோ, கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஒரு துணிக்கடையிலோ பகுதிநேரமாக வேலை செய்யும் மாணவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். 2025 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ள குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். மணிக் கணக்கில் 8 ரிங்கிட் 17 சென். அப்படியானால் 300 ரிங்கிட் என்பது ஏறத்தாழ 37 மணி நேர உழைப்பு. அந்தப் பணத்தைக் கொடுத்து வாங்கிய விமானம் சொன்னபடி பறக்காவிட்டால் வயிறு எரியாதா?

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டும் பொழுதுபோக்கு புதிதல்ல. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரின் முதல் பதிப்பு 1982-இல் வந்தது. அசோபோ நிறுவனம் உருவாக்கிய இன்றைய தலைமுறைப் பதிப்பு 2020 ஆகஸ்ட் 18-இல் வெளியானது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உலகம் முழுவதையும் அது திரைக்குக் கொண்டுவந்ததால், நம் ஊர் இளைஞர்கள் பலருக்கும் இந்த ஆர்வம் தொற்றிக்கொண்டது. சிமுலேட்டரோடு சில விமானங்கள் வரும். அவை போதாது என்று நினைப்பவர்களுக்காக வெளி நிறுவனங்கள் தனியாக விமானங்களைத் தயாரித்து விற்கின்றன. இவற்றைத்தான் ‘ஆட்-ஆன்’ என்கிறார்கள்.

பி.எம்.டி.ஜி. நிறுவனத்தின் போயிங் 737-700 இந்தச் சிமுலேட்டருக்கு 2022 மே மாதம் வந்தபோது அதன் விலை 69.99 டாலர். அதே மாதம் வந்த ஃபீனிக்ஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320-க்கு 49.99 பவுண்டு. முழுச் சிமுலேட்டரின் சாதாரணப் பதிப்பே 59.99 டாலருக்குக் கிடைத்தபோது, ஒரு விமானத்துக்கு அதைவிட அதிக விலை! விலை ஏற ஏற எதிர்பார்ப்பும் ஏறுகிறது. எதிர்பார்ப்பு ஏறிய இடத்தில்தான் ஏமாற்றமும் காத்திருக்கிறது.

காசு எதற்குப் போகிறது?

கணினி விமானம் ஒன்றை மூன்று அடுக்குகளாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது தோற்றம்: வெளி உடல், விமானி அறை, வண்ணம், ஒலி. இரண்டாவது பறக்கும் தன்மை: எடை, காற்றின் தடை, இறக்கை தரும் தூக்கு விசை. மூன்றாவது உள் அமைப்புகள்: மின்சாரம், எரிபொருள், ஹைட்ராலிக், வழிகாட்டும் கணினி ஆகியவை.

விளம்பரக் காணொலியில் பளிச்சென்று தெரிவது முதல் அடுக்கு. மாலை வெயிலில் மின்னும் இறக்கையைக் காட்டலாம். எரிபொருள் பம்பு சரியாக வேலை செய்கிறதா என்பதை இரண்டு நிமிடக் காணொலியில் எப்படிக் காட்டுவது? ஆனால், வாங்கிய பிறகு நாம் மணிக்கணக்கில் உறவாடப்போவது மற்ற இரண்டு அடுக்குகளோடுதான்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். போயிங் 737-இன் இயந்திரத்தை இயக்க அழுத்தக் காற்று வேண்டும். பொதுவாக வால் பகுதியில் உள்ள சிறிய துணை இயந்திரம் அதைத் தரும். அந்தக் காற்று வேறு வேலைக்குப் போகாமல் இருக்கக் குளிர்சாதன அமைப்பை நிறுத்த வேண்டும். பிறகு விசையைத் திருப்பினால் இயந்திரம் சுழலத் தொடங்கும். உள் சுழலியின் வேகம் ஏறத்தாழ 25 விழுக்காட்டை எட்டியதும் எரிபொருளைத் திறந்துவிட வேண்டும். ஆழமாகச் செய்யப்பட்ட ஆட்-ஆனில் இந்த வரிசையில் ஒன்றைத் தவறவிட்டால் இயந்திரம் ஒழுங்காக இயங்காது. மேலோட்டமாகச் செய்யப்பட்டதிலோ காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் விசையைத் தட்டினால் இயந்திரம் உறுமும். திரைப்பிடிப்பில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

‘உண்மையைப் போலவே’ என்று யார் சொல்வது?

இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘ஸ்டடி லெவல்’. உண்மை விமானத்தின் கையேட்டை வைத்துப் படிக்கும் அளவுக்கு நுணுக்கமானது என்று பொருள் கொள்ளலாம். கேட்பதற்கு ஏதோ தரச் சான்றிதழ் போல இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டத்தைச் சோதித்து வழங்கும் அமைப்பு எதுவும் இல்லை. விற்பவரோ விமர்சகரோ தாமே சூட்டுவதுதான்.

விமானிகளின் பயிற்சிக்கான சிமுலேட்டர்களின் கதை வேறு. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் முழுமையான சிமுலேட்டர்களை ஏ, பி, சி, டி என நான்கு தரங்களாகப் பிரிக்கிறது. டி மிக உயர்ந்தது. உண்மை விமானத்தில் பதிவான தரவுகளோடு சிமுலேட்டரின் ஒவ்வோர் அசைவையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தரம் வழங்கப்படும். குறிப்பிட்ட கால இடைவெளியில் மறுபடியும் சோதிப்பார்கள். சிப்பாங்கில் உள்ள சி.ஏ.இ. கோலாலம்பூர் போன்ற பயிற்சி மையங்களில் விமானிகள் பயிற்சி பெறுவது இத்தகைய அங்கீகரிக்கப்பட்ட கருவிகளில்தான்.

விமானியாகும் கனவோடு இருக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வீட்டுச் சிமுலேட்டர் உங்களுக்குக் கருவிகளின் இருப்பிடத்தையும் நடைமுறைகளின் வரிசையையும் பழக்கப்படுத்தும். அது நல்ல தொடக்கம். ஆனால் அங்கே ஆயிரம் மணி நேரம் பறந்தாலும் விமானி உரிமத்துக்கான கணக்கில் ஒரு மணி நேரம்கூடச் சேராது. ‘இதை வாங்கினால் விமானி ஆகலாம்’ என்ற நினைப்போடு வாங்கினால், விற்பவர் ஏமாற்றாமலேயே நீங்கள் ஏமாந்துபோவீர்கள்.

மூன்று வகை ஏமாற்றம்

எல்லா ஏமாற்றமும் ஒன்றல்ல. எது எந்த வகை என்று பிரித்துப் பார்த்தால்தான் என்ன செய்யலாம் என்பது தெரியும்.

முதல் வகை, நாமே கட்டிக்கொண்ட கற்பனை. விற்பவர் ‘இது இருக்கிறது’ என்று சொல்லவே இல்லை. இவ்வளவு விலைக்கு இருக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டோம். மைக்ரோசாஃப்ட்டின் 2020 பதிப்பில் வெளி நிறுவன விமானங்கள் பலவற்றில் முறையான வானிலை ரேடார் இல்லை. வாங்கிய பலருக்கு மனக்குறை. சிமுலேட்டர் தன் வானிலைத் தரவை அதற்கு வேண்டிய வகையில் வெளி நிறுவனங்களுக்குத் திறந்துவிடாததே அதற்குக் காரணம். விமானத்தைச் செய்தவரைத் திட்டிப் பயனில்லை.

இரண்டாம் வகை, ‘பிறகு வரும்’ என்ற வாக்குறுதி. மேலே சொன்ன 737-க்கு, விமானிகள் பயன்படுத்தும் கையடக்க மின்பலகை பின்னர் சேர்க்கப்படும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. காத்திருப்பு நீண்டது. கடைசியில் 2024 ஜூனில் வந்த 777 விமானத்தில்தான் அந்தப் பலகை முதலில் இடம்பெற்றது. பொருள் நன்றாக இருந்தாலும், இன்னும் வராத ஒன்றுக்கு இன்றே காசு கொடுத்தவரின் மனம் எப்படி இருந்திருக்கும்?

சிமுலேட்டருக்கே இந்த நிலை வந்ததுண்டு. 2024 நவம்பர் 19-இல் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2024 வெளியானது. தரவுகளைத் தேவைக்கேற்ப இணையம் வழியே அனுப்பும் முறையில் அது அமைக்கப்பட்டிருந்தது. முதல் நாளே உலகெங்கும் கூட்டம் மொய்த்ததில் சர்வர்கள் திணறின. பலருக்கு ஏற்றம் 97 விழுக்காட்டில் நின்றுவிட்டது. நுழைந்தவர்களில் சிலருக்கு விமானங்களைக் காணவில்லை. 200,000 பேர் நுழைவதுபோல் முன்கூட்டியே சோதித்துப் பார்த்தும், உண்மையான நெரிசலை அமைப்பு தாங்கவில்லை என்று அசோபோவின் தலைவர் செபாஸ்டியன் வ்லோக் காணொலியில் விளக்கமளித்தார். முதல் நாளே வாங்கியவர்கள் சிரமப்பட்டார்கள். சில வாரங்கள் பொறுத்தவர்கள் தப்பித்தார்கள்.

மூன்றாம் வகைதான் உண்மையான தீங்கு. சொன்னது இல்லாமல் இருப்பது, அல்லது சொல்லாதது உள்ளே இருப்பது. 2018 பிப்ரவரியில் ஃபிளைட் சிம் லேப்ஸ் நிறுவனத்தின் ஏ320 ஆட்-ஆனில் நடந்தது இதற்குச் சான்று. அதை நிறுவும் கோப்புக்குள், கூகிள் குரோமில் சேமித்து வைத்த கடவுச்சொற்களை எடுக்கக்கூடிய ஒரு கருவி இருந்ததைப் பயனர்கள் கண்டுபிடித்தார்கள். திருட்டுப் பதிப்பைப் பயன்படுத்தும் ஆளைப் பிடிப்பதற்காகவே அது வைக்கப்பட்டது, முறையாக வாங்கியவர்களிடம் அது இயங்காது என்று நிறுவனம் விளக்கியது. எதிர்ப்பு வலுத்ததும் அந்தக் கருவி இல்லாத புதிய கோப்பு வெளியிடப்பட்டது. ஆனாலும், நேர்மையாகக் காசு கொடுத்தவரின் கணினியில் அவருக்குத் தெரியாமல் அப்படி ஒன்று ஏன் இருக்க வேண்டும்? சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதையாகிவிட்டது.

முதல் வகைக்கு மருந்து நம்மிடமே உண்டு. இரண்டாம் வகைக்குப் பொறுமையும் எச்சரிக்கையும் வேண்டும். மூன்றாம் வகைக்குச் சட்டம் வேண்டும்.

சட்டம் எந்த அளவுக்குக் கை கொடுக்கும்?

நம் நாட்டில் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இல் நடப்புக்கு வந்தது. பொருள் தரமாக இருக்க வேண்டும், விளக்கத்துக்குப் பொருந்த வேண்டும், பொய்யான விளம்பரம் கூடாது என்று அது சொல்கிறது. 2007-இல் செய்யப்பட்ட திருத்தம் இணைய வணிகத்தையும் இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இணையத்தில் விற்பவர் தம் பெயர், தொடர்பு விவரம், பொருளின் முக்கியத் தன்மைகள், முழு விலை ஆகியவற்றை வெளிப்படையாகத் தர வேண்டும் என்ற விதிமுறைகள் 2013 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தன.

மலாயில் ‘திரிபுனல் துந்துதான் பெங்குனா’ எனப்படும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளைத் தொடுக்கலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட் மட்டுமே. வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுகளுக்குள் கோரிக்கையைத் தொடுக்க வேண்டும். கடையில் வாங்கிய பழுதான மடிக்கணினிக்கு இது அருமையான வழி.

கணினி விமானத்துக்கு? இங்கேதான் சிக்கல். விற்பவர் பெரும்பாலும் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருக்கிறார். நடுவர் மன்றம் நமக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தாலும் கடல் கடந்து அதை நிறைவேற்றுவது எளிதல்ல. அதோடு, நம் சட்டம் பதிவிறக்கம் செய்யும் சரக்கை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல. பிரிட்டனோ 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மின்னியல் உள்ளடக்கத்துக்கெனத் தனிப் பகுதியே ஒதுக்கிவிட்டது.

ஆனால் வெளிநாட்டு நிறுவனத்தை அசைக்கவே முடியாது என்றும் இல்லை. ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் மீது ஆஸ்திரேலியாவின் போட்டி, பயனீட்டாளர் ஆணையம் 2014-இல் வழக்குத் தொடுத்தது. பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று வால்வ் சொல்லிவந்ததுதான் குற்றச்சாட்டு. அமெரிக்க நிறுவனமான தனக்கு ஆஸ்திரேலியச் சட்டம் பொருந்தாது என்று வால்வ் வாதிட்டது. நீதிமன்றம் 2016-இல் அதை ஏற்க மறுத்து, 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2015 ஜூனில், வால்வ் உலகம் முழுவதற்கும் பணம் திருப்பித் தரும் விதியை அறிவித்தது.

இன்று ஸ்டீமில் வாங்கும் நமக்கும் அந்த விதி உதவுகிறது. வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆட்-ஆன் என்றால், அதை வாங்கிய பிறகு மூலச் சிமுலேட்டரைப் பயன்படுத்திய நேரம் கணக்கில் வரும். இதிலும் ஒரு முடிச்சு உண்டு. 2020-இல் சிமுலேட்டர் தன்னைத்தானே பதிவிறக்கிக்கொண்ட நேரமும் ‘விளையாடிய நேரமாக’ ஓடிவிட்டதாகப் பலர் புகார் செய்தார்கள். மற்ற கடைகளின் விதி வேறுவேறு. கட்டணப் பொத்தானைத் தட்டும் முன் அந்தக் கடையின் விதியைப் படிப்பது நம் கடமை.

18 வயது நிறையாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசியச் சட்டப்படி ஒப்பந்தம் செய்யும் வயதை நீங்கள் இன்னும் எட்டவில்லை. கட்டணமும் பெரும்பாலும் அம்மா அல்லது அப்பாவின் அட்டையிலிருந்துதான் போகிறது. ஆகவே வாங்கும் முன் அவர்களிடம் சொல்லுங்கள். பிரச்சினை வந்தால் கடைக்கும் வங்கிக்கும் எழுதப்போவது அவர்கள்தான்.

வாங்கும் முன் ஏழு கேள்விகள்

1. எந்தச் சிமுலேட்டருக்கான விமானம் இது? 2020 பதிப்புக்கு மட்டுமா, 2024 பதிப்பிலும் இயங்குமா, எக்ஸ்-பிளேனுக்கா? ஒன்றுக்கு வாங்கியது மற்றொன்றில் ஓடும் என்று எண்ண வேண்டாம்.

2. இன்று, இப்போது, உள்ளே என்னென்ன இருக்கின்றன? ‘விரைவில்’ என்று போட்டிருப்பதை எல்லாம் அடித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். அந்த மிச்சம் விலைக்குத் தகுமா?

3. ‘இது இல்லை’ என்று எங்கேனும் சொல்லியிருக்கிறார்களா? குறைகளையும் சேர்த்து எழுதும் நிறுவனத்தை நம்பலாம்.

4. விளம்பரக் காணொலியைத் தவிர, புறப்பாடு முதல் தரையிறக்கம் வரை வெட்டாமல் ஒருவர் பறந்து காட்டும் காணொலியைப் பார்த்தீர்களா? அவர் விமானத்தை இலவசமாகப் பெற்றுக்கொண்டு பேசுகிறாரா?

5. என் கணினி தாங்குமா? குறைந்தபட்சத் தேவையில் இயங்கும் என்பது நன்றாக இயங்கும் என்பதற்கு ஈடாகாது.

6. இதே நிறுவனத்தின் முந்தைய விமானங்களுக்கு எத்தனை ஆண்டு மேம்பாடு கிடைத்தது?

7. பிடிக்காவிட்டால் பணம் திரும்புமா? எத்தனை நாளுக்குள்?

இந்த ஏழில் மூன்றுக்கு மேல் விடை கிடைக்கவில்லையா? பணப்பையை மூடிவைத்துவிடுங்கள். விமானம் எங்கும் ஓடிப்போகாது. ஒரு மாதம் கழித்து விமர்சனங்களும் கூடியிருக்கும், பிழைகளும் குறைந்திருக்கும்.

புகாரும் ஒரு கலைதான்

வாங்கியாயிற்று, பழுது தெரிகிறது. ‘குப்பை, ஏமாற்று வேலை’ என்று எழுதினால் கோபம் தணியலாம், பழுது தணியாது. எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது நடந்தது, ஒவ்வொரு முறையும் நடக்கிறதா, மற்ற ஆட்-ஆன்களை நீக்கிய பிறகும் நடக்கிறதா என்று படத்தோடு எழுதுங்கள். இத்தகைய விமானங்களைச் செய்பவர்கள் பலரும் சிறு குழுக்கள். ஒரு விமானத்துக்கு ஆண்டுக்கணக்கில் உழைப்பவர்கள். தெளிவான புகார் அவர்களுக்கு உதவி.

விற்பனைப் பக்கத்தை வாங்கும் நாளிலேயே படம் எடுத்து வைப்பது நல்லது. விளம்பர வாசகம் பின்னால் மாறினாலும் உங்களிடம் ஆதாரம் இருக்கும். பதில் வராவிட்டால் அட்டை வழங்கிய வங்கியிடம் கட்டணத்தை மறுத்து விண்ணப்பிக்கலாம். உள்ளூர் விற்பனையாளர் என்றால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடமும், தேசியப் பயனீட்டாளர் புகார் மையத்திடமும் முறையிடலாம்.

காசே இல்லாமல் பறக்கவும் வழி உண்டு. 2020-இல் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரோடு வந்த ஏ320நியோ மேலோட்டமாக இருந்ததில் மனம் நொந்தவர்கள் திட்டித் தீர்ப்பதோடு நிற்கவில்லை. ‘ஃபிளைபைவயர்’ என்ற பெயரில் தன்னார்வலர்கள் கூடி, அதைத் திருத்தி, நுணுக்கமான விமானமாக மாற்றி இலவசமாகத் தருகிறார்கள். நிரலும் திறந்தே இருக்கிறது. எக்ஸ்-பிளேனிலும் ‘சீபோ 737’ என்ற இலவச விமானம் இதேபோல் புகழ்பெற்றது. கணினியியல் படிக்கும் மாணவர்கள் அந்த நிரலைத் திறந்து பார்த்தால், ஹைட்ராலிக் அமைப்பை எப்படிக் கணக்காக மாற்றுகிறார்கள் என்று கற்றுக்கொள்ளலாம். முதல் விமானமாக இவற்றில் ஒன்றை எடுத்து, அதன் கையேட்டை முழுவதும் படித்து முடியுங்கள். அதன் பிறகும் ‘இது போதவில்லை’ என்று எதைச் சொல்லத் தோன்றுகிறதோ, அதற்காகக் காசு கொடுங்கள்.

இந்தப் பழக்கம் விமானத்தோடு நின்றுவிடாது. நாளை நீங்கள் ஒரு தனியார் கல்லூரியின் விளம்பரத்தையும், இணையப் பயிற்சி வகுப்பின் விளம்பரத்தையும், தவணையில் வாங்கும் மோட்டார் சைக்கிளின் விளம்பரத்தையும் படிக்கப்போகிறீர்கள். அங்கேயும் பளிச்சென்று தெரிவது வெளித்தோற்றம்தான். உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை, பிடிக்காவிட்டால் என்ன வழி என்று கேட்கக் கற்றுக்கொண்டவருக்கு, 37 மணி நேரம் உழைத்துச் சேர்த்த பணத்தின் மதிப்பு நன்றாகவே தெரியும்.